செவிமருத்துவப் பேரறிஞர் ராபர்ட் பாரானி



சிறுவர் சிறுமியர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுதலை நம்மூர்களிற் காணாதார் இலர். சுற்றி நின்ற பின்னரும் வீடும் மரமும் தம்மைச் சூழ்ந்து ஓடுவனபோலத் தோன்ற, அக்குழந்தைகள் கால் தள்ளாடி மணலில் விழுந்து நகைப்பர். இம்மயக்கம் எதனால் உண்டாகின்றது? கண்ணின் குற்றமோ? தலையின் குற்றமோ? வயிற்றிலெழுந்த பித்தமோ? இவற்றுள் எதுவுமன்று, காரணம் செவியினுள் இருக்கின்றது என்று கூறினால் வியப்போர் நம்மிற் பலராவர்.

தொல்காப்பியனார் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தவிடத்துச் செவியறிவை ஐந்தாவதாக வைத்தனர். வள்ளுவனார் கேள்விக்கென ஓரதிகாரமே அமைத்தனர். எனினும் செவி கேட்டற்கு மட்டும் அமைந்த கருவியன்று. மாந்தனை நிமிர்ந்து நிற்கவும் தள்ளாடாது நடக்கவும் செய்கின்ற துலாக்கோல் ஒன்றும் அதனுள்ளேயே அமைந்திருக்கின்றது. அத்துலாக்கோல் பழுதின்றி இயங்குகின்றதா என்பதைக் கத்தி படாமல், சிறிது தண்ணீரையும் வெந்நீரையும் கொண்டே அளந்தறியும் வழியை உலகுக்குக் காட்டியவர் வியன்னா நகரத்துச் செவிமருத்துவராகிய டாக்டர் ராபர்ட் பாரானி என்பார். அவரது வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அதற்கு யாம் இழைத்த பிழையொன்று காரணமாதலின், அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும். யாம் ஆசிரியத் தொழிலேற்ற தொடக்க நாட்களில் எம்மிடம் பயின்ற மாணவனொருவன் ஆற்றில் இறங்க மறுப்பான். ஏனைய சிறுவர் மீன்குஞ்சுகளென நீந்திக் களிக்க, அவன் மட்டும் கரையிலிருந்து துணிகளுக்குக் காவல் காப்பான். காரணம் வினவியபோது, காதிலே தண்ணீர் புகுந்தால் உலகமே சுழல்கின்றது என்றான். அவன் பாட்டியார் அதனைப் பித்தம் என்றனர். உடன் பயில்வோர் அச்சம் என்றனர். யாம் வெறுஞ்சாக்கு என்றோம். ஒருநாள் அவனை நீரில் இறக்குமாறு மூத்த மாணவர் இருவரை ஏவினோம். முழுகியவன் மேலெது கீழெது என்றறியாது, ஆழத்தை நோக்கியே கைகளை வீசினான். அருகே நின்ற பரிசல்காரர் ஒருவர் பாய்ந்து தூக்கியிராவிடின், அன்று யாம் அப்பிள்ளையின் தாய்க்கு என்ன விடை கூறியிருப்போம்? அவன் உரைத்தது முழுதும் மெய் என்பதையும், அம்மெய் எழுபதாண்டுகளுக்கும் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது என்பதையும் பின்னரே கற்றோம்.

பிறப்பும் இளமையும்

ராபர்ட் பாரானி 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். இவர்தம் குடும்பம் யூத மரபினது. தந்தையார் ஹங்கேரி நாட்டினர். பண்ணை நிலங்களை மேற்பார்க்கும் அலுவலில் இருந்தவர். தாயார் பிராக் நகரத்துக் கற்றோர் குடியிற் பிறந்தவர். இல்லத்தில் கல்வி மணம் கமழச் செய்தவர் அவ்வம்மையாரே என்பர். பிள்ளைகள் அறுவருள் ராபர்ட்டே மூத்தவர்.

இளமையிலேயே இவரைக் கொடுநோயொன்று பற்றிற்று. காசநோய் எலும்பிற் புகுந்து முழங்காலைத் தாக்கியதனால், அம்முழங்கால் வாழ்நாள் முழுதும் மடங்காது விறைத்துப் போயிற்று. வேறொருவராயின் விதியை நொந்து மூலையில் அமர்ந்திருப்பர். இவரோ அக்காலுடனே டென்னிஸ் ஆடினார், மலைகளில் ஏறியிறங்கினார், பள்ளியில் எவ்வகுப்பிலும் முதல்வராக விளங்கினார். தம்மைப் பற்றிய நோயே மருத்துவக் கலையின்பால் இவர் உள்ளத்தைத் திருப்பியது என்று கூறுவர். மாந்தர் எவ்வாறு தள்ளாடாது நிற்கின்றனர் என்பதை உலகுக்கு விளக்கப் பிறந்தவர், தாமே ஒரு கால் விறைத்தவராக இருந்தனர் என்பது எண்ணி எண்ணி வியக்கற்பாலது.

1900-ஆம் ஆண்டு வியன்னா சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்றபின், ஜெர்மனி நாட்டில் பிராங்பர்ட், ஹைடல்பர்க், பிரைபர்க் ஆகிய நகரங்களிற் சென்று உள்நோய் மருத்துவமும் மனநோய், நரம்புநோய் மருத்துவமும் பயின்றார். மீண்டும் வியன்னாவை அடைந்து சஸ்திர வைத்தியத்திற் பயிற்சி பெற்றார். 1903-ஆம் ஆண்டு அந்நகரத்துச் செவிமருத்துவச் சாலையிற் சேர்ந்தார். அச்சாலை 1873-இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவராக விளங்கிய ஆடம் பொலிட்சர் அக்காலத்துச் செவிமருத்துவர்க்கெல்லாம் ஆசான் போன்றவர்; பல நாடுகளினின்றும் மாணாக்கர் அவரை நாடி வந்தனர். நரம்பின் இயல்பையும் அறிந்து, கத்தியைக் கையாளவும் கற்று, நல்லாசிரியரையும் அடைந்த பாரானிக்கு ஏற்ற களம் இவ்வாறு வாய்த்தது.

உட்செவியின் அமைப்பு

இனி, அவர் கண்டறிந்ததனை விளங்கிக்கொள்ளுதற்கு, செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நாம் வெளியே காண்பது செவிமடல். அதனின்று உள்ளே செல்லும் துளையின் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு இருக்கின்றது. அதற்கப்பால் நடுச்செவி, அதற்கும் அப்பால், கபாலத்தின் மிகக் கடினமான எலும்பினுள் உட்செவி அமைந்துள்ளது. உட்செவியின் ஒரு பகுதி நத்தைக்கூடு போலச் சுருண்டு ஒலியை உணர்கின்றது. மற்றொரு பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள. அவை, ஓர் அறையின் தரையும் அடுத்தடுத்த இரு சுவர்களும் ஒரு மூலையிற் கூடுவதுபோல, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பன. அக்குழல்களுள் ஒருவகை நீர் நிறைந்திருக்கின்றது. தலை திரும்புங்கால் அந்நீர் உடனே திரும்பாது பின்தங்குகின்றது. அதனால் உள்ளிருக்கும் நுண்மயிர்கள் வளைகின்றன. நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி செல்கின்றது. தட்டாமாலை சுற்றி நின்றவுடன் உடல் நின்றுவிட்டாலும், சுழற்சியால் ஓடத் தொடங்கிய அந்நீர் சிறிது நேரம் ஓடிக்கொண்டேயிருத்தலால், உலகம் சுழல்வதாக மூளை மயங்குகின்றது.

பாரானிக்கு முன்னரே அறிஞர் பலர் இத்துறையில் வழி சமைத்திருந்தனர். பிரான்சு நாட்டுப் பிளூரன்ஸ் என்பார் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்து, அவை தலையைச் சுழற்றித் தடுமாறுதலைக் கண்டனர். 1861-இல் பாரிஸ் நகரத்து மெனியேர் என்பார், தலைச்சுற்றலும் காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் ஒருங்கே வருவது மூளை நோயன்று, உட்செவியின் நோயே என்று உரைத்தனர். 1873-ஆம் ஆண்டையொட்டி மாஹ், பிரூயர், கிரம் பிரவுன் என்னும் மூவர் தனித்தனியே ஆராய்ந்து, குழல்நீரின் அசைவே சுழற்சியை உணர்த்துவது என்ற கொள்கையை நிலைநாட்டினர். எனினும் இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து உண்மைகளாகவே நின்றன. நோயாளி ஒருவன் எதிரே வந்து அமர்ந்து தலை சுற்றுகின்றது என்று கூறுங்கால், அவனது வலச்செவியின் குழல் பழுதோ, இடச்செவியின் குழல் பழுதோ என்றறிய மருத்துவரிடம் தக்க வழி இல்லாதிருந்தது.

நோயாளி காட்டிய வழி

செவிமருத்துவச் சாலையில் நாள்தோறும் நிகழும் மிக எளிய பணி, பீச்சாங்குழலால் நீரைச் செலுத்திக் காதைக் கழுவுதலாகும். இளைய மருத்துவர்க்கு இடப்படும் இப்பணியைப் பாரானியும் செய்துவந்தார். கழுவப்பெற்றோருட் சிலர் தலை சுற்றுவதாக முறையிட்டனர். அவர்தம் கண்களை உற்றுநோக்கியபோது, விழிகள் ஒருபக்கமாக மெல்ல நகர்ந்து, மறுபக்கமாக விரைந்து துள்ளுதலைக் கண்டார். இவ்விழியாட்டத்தை மருத்துவர் நிஸ்டாக்மஸ் என்பர். காதைக் கழுவுங்கால் தலைசுற்றல் உண்டாதலை முன்னும் பலர் கண்டிருந்தனர்; ஆயின் அதனை ஓர் இடையூறாகக் கருதி விடுத்தனரேயன்றி, ஏன் என்று ஆழ்ந்து வினவினாரிலர்.

ஒருநாள் இவ்வாறு கழுவப்பெற்ற நோயாளி ஒருவர், நீர் போதிய வெம்மையின்றிக் குளிர்ந்திருந்தமையாலேயே தமக்குத் தலை சுற்றியது என்றும், வெதுவெதுப்பான நீராயின் அவ்வாறு நேர்வதில்லை என்றும் கூறினார். பெரிய மருத்துவச் சாலையொன்றில் நோயாளி கூறும் இத்தகைய சிறு குறையை யார் பொருட்படுத்துவர்? பாரானி பொருட்படுத்தினார். மறுமுறை நீரைச் சூடாக்கித் தருமாறு செவிலியிடம் உரைத்தார். நீரோ அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது. நோயாளி சூடு பொறாது கூவினார். மீண்டும் தலைசுற்றல் தோன்றிற்று. விழிகளை நோக்கிய பாரானி திடுக்கிட்டார். குளிர்நீரால் ஒரு திசையில் ஆடிய விழிகள், வெந்நீரால் அதற்கு நேர்மாறான திசையில் ஆடின!

அவ்வேளையில், இளமையிற் கண்ட ஒரு காட்சி அவர் நினைவுக்கு வந்தது. குளியலறையின் வெந்நீர்க் கொப்பரையில், தீக்கு அணித்தாயுள்ள அடிநீர் குளிர்ந்திருக்க, தீக்குச் சேயதாயுள்ள மேல்நீர் கொதித்தலைக் கண்டு சிறுவயதில் அவர் வியந்ததுண்டு. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். அடுப்பில் உலை வைக்கும் நம் தாய்மார் அனைவரும் நாள்தோறும் காணும் இயல்பே இது. உட்செவிக் குழலும் நீர் நிறைந்ததொரு கலந்தானே! அதன் நீர் உடற்சூட்டில் இருப்பது. செவித்துளையில் குளிர்நீர் புகின், அண்மையிலுள்ள குழலின் ஒருபக்கம் குளிர்ந்து அங்குள்ள நீர் கீழிறங்கும். வெந்நீர் புகின் மேலெழும். தலை அசையாதிருப்பினும் குழல்நீர் அசைதலின், தலை சுழல்வதாக மூளை மயங்கும். இவ்வாறு அவர் துணிந்தார்.

துணிந்ததோடு அமையாது, அதனைச் சோதித்தும் பார்த்தார். இக்கருத்து மெய்யாயின், தலையைத் தலைகீழாக மாற்றிவைக்கும்பொழுது, மேலெழுந்த நீர் குழலைப் பொறுத்தவரையில் எதிர்த்திசையில் ஓடவேண்டும். விழியாட்டமும் திசைமாற வேண்டும். செய்து பார்த்தபோது அவ்வாறே மாறிற்று. 1906-ஆம் ஆண்டு இதனை விரிவாக எழுதி வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது.

கண்டதனாலாய பயன்

இது வெறும் வியப்புக்குரிய செய்தியன்று, உயிர்காக்கும் செய்தியாயிற்று. எங்ஙனமெனின், அந்நாளிற் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் தோன்றவில்லை. காதிற் சீழ் வடிதல் முற்றி உட்செவியிற் புகுந்தால், அங்கிருந்து மூளையுறைகளைப் பற்றி ஆளையே மாய்த்துவிடும். அந்நிலையில் சஸ்திர வைத்தியர் உட்செவியைத் திறந்து சீழை அகற்ற வேண்டும். ஆயின் நலமாயுள்ள உட்செவியைத் தவறித் திறப்பின், கேள்வியும் போய் உயிர்க்கும் ஏதம் நேரும். திறப்பதா, விடுவதா? மருத்துவரின் இத்தடுமாற்றத்தைப் பாரானியின் சோதனை பெரிதும் தீர்த்தது. நீரைச் செலுத்தியவுடன் விழியாட்டம் தோன்றின் குழல் உயிருடனிருக்கின்றது. சிறிதும் தோன்றாவிடின் அது செயலற்றுவிட்டது. கத்தியை எடுக்குமுன் உள்ளிருப்பதை அறியும் கண் மருத்துவர்க்கு இவ்வாறு கிடைத்தது.

இஃதொன்றோடு அவர் நின்றாரல்லர். நோயாளியைச் சுழல்நாற்காலியில் அமர்த்திச் சுற்றி நிறுத்தி, அதன்பின் தோன்றும் விழியாட்டத்தை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்நாற்காலி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் தாழ்த்தி, எதிரே நீட்டிய விரலைத் தொடுமாறு செய்யும் சோதனையையும் வகுத்தார். உட்செவியோ சிறுமூளையோ பழுதுற்றிருப்பின், கை குறிதவறி ஒருபுறமாக விலகும். ஒரு காது முற்றும் செவிடுதானா என்று சோதிக்குங்கால், நற்செவி கள்ளத்தனமாகக் கேட்டு விடையிறுத்தலைத் தடுக்க, அதனருகே வைத்து இரைச்சல் எழுப்பும் சிறு கருவியொன்றையும் ஆக்கினார். 1909-ஆம் ஆண்டு சர்வகலாசாலையில் விரிவுரை நிகழ்த்தும் தகுதி பெற்றார். அவ்வாண்டிலேயே இல்லறமும் ஏற்றார். பிள்ளைகள் மூவர் பிறந்தனர். மூவரும் பிற்காலத்தில் மருத்துவத் துறையையே மேற்கொண்டனர்.

போரும் சிறையும்

நிற்க. 1914-ஆம் ஆண்டு ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. பாரானி தாமே விரும்பிப் போர்மருத்துவராகச் சென்றார். பிரெமிசில் என்னும் கோட்டைநகரில் அவருக்குப் பணி கிடைத்தது. அந்நகர் இக்காலத்தில் போலந்து நாட்டைச் சார்ந்தது. தலையிற் குண்டுபட்ட வீரர்க்குச் சிகிச்சை செய்யுங்கால், சிறுமூளைக்கும் உட்செவிக்கும் உள்ள தொடர்பையும் ஆராயலாம் என்பது அவர் எண்ணம். மூளைக்காயத்தைத் திறந்தே விடுதல் அக்காலத்து வழக்கம். அவரோ காயத்தை உடனே நன்கு துப்புரவு செய்து தைத்து மூடுதலே கிருமி புகாது காக்கும் என்று கண்டு, அம்முறையையே கையாண்டார்.

ருஷியப் படை அக்கோட்டையை வளைத்தது. உணவு முட்டுப்பட்டு, உள்ளிருந்தோர் குதிரைகளைக் கொன்று தின்னும் நிலை வந்தது. 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவருட் பாரானியும் ஒருவர். மடங்காத முழங்காலுடன் அவர் மத்திய ஆசியாவிலுள்ள மெர்வ் என்னும் பாலைநிலத்து ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவ்விடம் இன்று துர்க்மெனிஸ்தான் நாட்டில் உள்ளது. அங்கே மலேரியாக் காய்ச்சலும் அவரைப் பற்றிக்கொண்டது. எனினும் கற்ற கல்வி கைவிடுமோ? மருத்துவர் என்றறிந்த ருஷியர் அவரிடம் செவிநோய்ப் பகுதியை ஒப்படைத்தனர். சிறைப்பட்ட தம் நாட்டவர்க்கும், அவ்வூர் மக்களுக்கும், ஊர்த்தலைவர் குடும்பத்தார்க்கும் வேறுபாடின்றி அவர் சிகிச்சை செய்தார். காதுவலிக்குப் பகைவர் நண்பர் என்ற பாகுபாடு உண்டோ!

பரிசும் பழியும்

இவ்வாறு சிறையில் வாடிய நாளிலேதான், 1915-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டினின்று ஒரு செய்தி வந்தது. மருத்துவத்திற்கான 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசு, உட்செவித் துலாக்கருவியின் இயல்பையும் நோய்களையும் ஆராய்ந்தமைக்காக ராபர்ட் பாரானிக்கு வழங்கப்பட்டது என்பதே அச்செய்தி. உலகின் பெருஞ்சிறப்பு ஒரு போர்க்கைதியைத் தேடிச் சென்றது! பரிசு பெற்றவரோ பாலைவனத்துச் சிறையில், பரிசளிப்போரோ வடகோடியில். சுவீடன் நாட்டு இளவரசர் கார்ல் என்பார் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ருஷியச் சக்கரவர்த்தியிடம் எடுத்துரைத்ததன் பயனாக, 1916-ஆம் ஆண்டு பாரானி விடுதலை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் தம் ஆராய்ச்சியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். குளிர்நீரையும் வெந்நீரையும் குறித்து நோயாளி கூறிய குறையையும், இளமையிற் கண்ட வெந்நீர்க் கொப்பரையையும் அவ்வவையத்தார் முன்னிலையில் மறவாது எடுத்துக் கூறினார். அது நாம் போற்றத்தக்க பண்பாகும். பிறர் தம் மதிநுட்பத்தையே பேசுமிடத்து, இவர் ஒரு நோயாளியின் சொல்லுக்கு உரிய இடத்தை அளித்தனரன்றோ?

வெற்றியுடன் வியன்னா திரும்பியவரை அந்நகரம் மாலையிட்டு வரவேற்றதோ எனின், இல்லை. உடன் பணியாற்றியோர் சிலர், பாரானி தமக்கு முன்னோரும் உடனிருந்தோரும் கண்டறிந்தவற்றைத் தம் நூல்களில் உரியவாறு குறிப்பிடவில்லை என்று பழி கூறினர். இக்குற்றச்சாட்டில் ஒரு கருத்து உண்மையே: முன்னோர் பலர் வழி சமைத்தனர் என்பதை யாமும் மேலே கூறினோம். எடுத்தாண்ட கருத்துக்கு உரியாரைச் சுட்டுதல் எழுதுவோர் அனைவர்க்கும் கடமையாம். அதில் குறை நேர்ந்திருப்பின் அது குறையே. ஆயினும் சிதறிக்கிடந்த உண்மைகளை ஒன்றுகூட்டி, நோயாளியின் படுக்கையருகே பயன்படும் முறையாக்கியவர் பாரானியே என்பதில் ஐயமில்லை. ஹோம்கிரன் முதலிய சுவீடன் நாட்டுச் செவிமருத்துவர் அவர் சார்பாக எழுதி வாதிட்டனர். மனம் வருந்திய பாரானி, 1917-ஆம் ஆண்டு தாய்நாட்டைத் துறந்து, சுவீடனிலுள்ள உப்சாலா சர்வகலாசாலையின் அழைப்பை ஏற்று அங்கே குடியேறினார். பிறந்த ஊர் அறியாத பெருமையை வந்த ஊர் அறிந்தது.

உப்சாலாவில் இறுதிக்காலம்

உப்சாலாவில் அவர் செவிமருத்துவத் துறையின் தலைவராக அமர்ந்து, ஏறத்தாழ இருபதாண்டுகள் நோயாளரைக் காத்தும் மாணாக்கரைப் பயிற்றியும் வாழ்ந்தார். 1921-ஆம் ஆண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துப் படுத்தவுடன் சுற்றலும் விழியாட்டமும் எழுந்து சிறிது நேரத்தில் அடங்கும் ஒருவகை நோயை விளக்கி எழுதினார். படுக்கையிற் புரளும்பொழுதும், மேலே நிமிர்ந்து பரணைப் பார்க்கும்பொழுதும் தலை சுற்றுகின்றது என்று நம் வீட்டு முதியோர் கூறுவதை நாம் கேட்டதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணமாவது இந்நோயே. உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணத்துகள்கள் தம்மிடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுட் புகுதலால் இது விளைகின்றது என்று பின்வந்தோர் தெளிந்தனர். தலையை முறைப்படி திருப்பித் திருப்பி அத்துகள்களை வெளியேற்றும் எளிய சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் எப்லி என்பார் வகுத்தனர். மருந்தும் கத்தியுமின்றிச் சில நிமிடங்களிலேயே பலர் நலம்பெறுகின்றனர்.

இறுதிக்காலத்தில் பாரானியைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் ஒருபகுதி செயலிழந்த பின்னரும், தசைநோவின் காரணங்களைப் பற்றித் தாம் எழுதிவந்த நூலை அவர் நிறுத்தவில்லை. அவரது அறுபதாண்டு நிறைவு நெருங்கியபோது, 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதி, அந்நாளுக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருக்க, உப்சாலாவில் உயிர் நீத்தார். 1960-ஆம் ஆண்டு அவர் பெயரால் தோன்றிய பாரானி சங்கம், தலைசுற்றலையும் உட்செவியையும் ஆராயும் பல நாட்டு அறிஞரை ஒன்றுசேர்த்து வருகின்றது.

வானவெளியில் ஒரு சோதனை

அறிவியலில் எவர் சொல்லும் இறுதிச் சொல்லன்று என்பதற்கும் இவரது கொள்கையே சான்றாயிற்று. 1983-ஆம் ஆண்டு ஸ்பேஸ்லாப் என்னும் ஆய்வுக்கூடத்துடன் வானவெளிக்குச் சென்றோர் பாரானியின் சோதனையை அங்கே செய்து பார்த்தனர். எடையற்ற அவ்விடத்தில் சூடேறிய நீர் மேலெழுதலும் குளிர்ந்தது கீழிறங்குதலும் இல்லை. ஆதலின் விழியாட்டம் தோன்றலாகாது. ஆயின் தோன்றிற்று! எனவே நீரின் ஏற்ற இறக்கம் ஒன்றே காரணமன்று, வெப்பத்தின் வேறு விளைவுகளும் துணைசெய்கின்றன என்பது தெளிவாயிற்று. இதனாற் பாரானியின் புகழ் குறைந்ததோ? குறையவில்லை. மண்ணுலகில் நீரோட்டமே முதன்மைக் காரணம் என்பது இன்றும் கொள்ளப்படுகின்றது. அவர் வகுத்த சோதனையும் மருத்துவச் சாலைகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. உணர்விழந்து கிடப்பாரின் மூளைத்தண்டு உயிருடன் உள்ளதா என்றறியவும், காதிற் குளிர்நீர் செலுத்தி விழிகளை நோக்குகின்றனர்.

முடிவுரை

இனி, எம் மாணவனிடம் மீள்வோம். ஆற்றினின்று தூக்கப்பட்ட அவனைச் செவிமருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் காதை நோக்கி, செவிப்பறையில் ஓட்டையிருக்கின்றது என்றும், சிறுவயது முதற் சீழ் வடிந்ததன் விளைவு இஃதென்றும் உரைத்தார். அவ்வோட்டையின் வழியே ஆற்றின் குளிர்நீர் நடுச்செவியிற் புகுந்து உட்செவிக் குழலைக் குளிர்விக்க, பாரானி பீச்சாங்குழலாற் செய்ததனை ஆறு அவனுக்குச் செய்திருக்கின்றது! வகுப்பில் அவன் பலமுறை அழைத்தும் திரும்பாதிருந்ததும், யாம் அதனைச் செருக்கென்று கருதித் தண்டித்ததும் அப்பொழுது நினைவுக்கு வந்தன. பின்னர், காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திய மெல்லிய சவ்விற் சிறிது எடுத்து ஒட்டி, சஸ்திர வைத்தியர் அவ்வோட்டையை மூடினர். கேள்வி தெளிந்தது, தலைசுற்றலும் நீங்கிற்று. அவன் இன்று குடும்பத் தலைவனாக நலமுற வாழ்கின்றான். எம்மைக் காணுந்தோறும் அன்புடன் வணங்குகின்றான், யாமோ நாணுகின்றோம்.

பாரானியின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கன பல. விறைத்த காலுடன் மலையேறிய ஊக்கம் ஒன்று. சிறையிலும் கைவிடாத தொண்டு ஒன்று. பழிச்சொல்லால் ஒடிந்துவிடாத உறுதி ஒன்று. ஆயின் இவையனைத்தினும் மேலானதென யாம் கருதுவது, நோயாளியின் சிறு முறையீட்டை இகழாது செவிகொடுத்த பண்பேயாகும். ஒருவர் தண்ணீர் குளிர்ந்திருக்கின்றது என்றார். மற்றொருவராயின் பொறுத்துக்கொள் என்றிருப்பர். பாரானி நீரைச் சூடாக்கச் சொன்னார். அதனின்றே ஒரு கலை பிறந்தது. எம்மிடமும் ஒரு சிறுவன் அதே முறையீட்டைக் கூறினான், யாம் செவிகொடுத்திலோம், ஓருயிர் போகவிருந்தது.

ஆதலின், நம் சங்கத்துப் பெற்றோர்காள், ஆசிரியர்காள்! பிள்ளையின் காதிற் சீழ் வடியின், வளர்ந்தால் தானே நின்றுவிடும் என்று வாளாவிருத்தல் வேண்டா. காய்ச்சிய எண்ணெயையும் பச்சிலைச் சாற்றையும் காதில் ஊற்றுதல் வேண்டா; கொண்டையூசியாற் குடைதலும் வேண்டா. அழைத்தாற் திரும்பாத பிள்ளையைச் செருக்கனென்று அடிக்குமுன், அவனுக்குக் கேட்கின்றதா என்று பாருங்கள். தலை சுற்றுகின்றது என்று கூறும் பாட்டியாரைப் பித்தம் என்று தேற்றி அனுப்பாது, செவிமருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தம் நோயைக் கூறுவோர் சொல்லைப் பொறுமையுடன் கேட்டலே செவியுடையார் அனைவர்க்கும் உரிய முதற்கடன் என்பதைப் பாரானியின் வரலாறு நமக்கு என்றும் உணர்த்துவதாகுக.